ஒரே சனிக்கிழமையில் பூசிய வெள்ளை

வீட்டை விற்கச் சம்மதம் என்று ஹார்ம் பௌகாம்ப் கையெழுத்துப் போட்டு எட்டு நாளாகிறது. அன்றைக்கு மனிதர் ரொம்ப நல்ல பிள்ளையாக நடந்துகொண்டார். தரகர் டக் விரல் வைத்த இடத்திலெல்லாம் பெயரை எழுதினார். மகள் லினெல் கொடுத்த காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார். "அப்புறம் என்ன, முடிஞ்சுது" என்று இரண்டு தரம் சொன்னார்.

எழுபத்து மூன்று வயது. மனைவி ஹென்னி போய் இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது. நாலு படுக்கையறை வீட்டில் ஒற்றை ஆளாகப் பனி தள்ளிக்கொண்டு கிடப்பது நியாயமே இல்லை என்று மகன் பிரென்ட்டும் மகள் லினெலும் மாறி மாறிச் சொல்லி அவருக்குப் புரியவைத்திருந்தார்கள். புரிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். அவரும்தான் நம்பினார், பாவம்.

இன்று சனிக்கிழமை. திங்கள் காலை பத்து மணிக்கு டக் ஒரு புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். படம் எடுத்துப் போட்டால் ஒரு வாரத்தில் வீடு கைமாறிவிடும் என்பது டக்கின் கணக்கு. இடைஞ்சலாக நின்றது முன்சுவர் ஒன்றுதான். வடக்கு பார்த்த சுவர், வெயில் முகமே பாராதது. வெள்ளைப் பலகைகளில் கீழிருந்து மேலே பாசி ஏறிப் பச்சையாகக் கிடந்தது.

வேறு ஊராக இருந்தால் போகிறது என்று விட்டுவிடலாம். ஓவர்டைக்கில் முடியாது. டச்சுக்காரர்கள் கப்பலேறி வந்து மிச்சிகன் ஏரிக்கரையில் குடியேறி நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகியும், வாசல் நடைபாதையைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பதை விடாத ஊர் இது. இங்கே முன்சுவர் பாசி பிடித்துக் கிடப்பது, சட்டைப் பித்தானைப் போடாமல் சர்ச்சுக்குப் போவதற்குச் சமம். அதிலும் ஹார்மின் வீடு சர்ச்சுக்குப் போகிற தெருவிலேயே இருக்கிறது. நாளை ஞாயிறு, கர்த்தரின் ஓய்வு நாள், ஒரு துரும்பை நகர்த்தக்கூடாது. ஆகவே கையில் இருந்தது இந்த ஒரு பகல்தான்.

லினெல் நேற்றுச் சாயங்காலமே சிகாகோ பக்கத்திலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்துவிட்டாள். பள்ளிக்கூட நர்ஸ். நாற்பத்து நாலு வயது. நிஜ வயிற்றுவலியையும் பொய் வயிற்றுவலியையும் ஒரே பார்வையில் பிரித்துவிடுகிற கண். அந்தக் கண்ணுக்கு எதிரில் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நடிப்பது லேசான வேலையா என்ன. ஹார்ம் காலை ஆறு மணிக்கே அவளிடமிருந்து தப்பித்துக் கொல்லைப்புறம் வந்து, சுருட்டி வைத்திருந்த பழைய ஹோஸ் பைப்பைப் பிரித்துப் போட்டார்.

அவள் காபிக் கோப்பையோடு பின்னாலேயே வந்துவிட்டாள்.

"அப்பா, இதுல எத்தனை ஒட்டு இருக்குன்னு பாத்தீங்களா?"

"ஏழு."

"எண்ணி வேற வெச்சிருக்கீங்க."

"ஒட்டினவனுக்குத் தெரியாதா? நாலு உங்கம்மா போட்டது. அது ஒழுகாது. ஒழுகுற மூணும் நான் போட்டது."

லினெல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குழாயைத் திறந்தாள். மூன்று இடத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்து ஹார்மின் கால்சட்டையை நனைத்தது. ஹென்னி போட்ட நாலும் சொட்டு விடவில்லை.

சனிக்கிழமை என்றாலே ஹென்னிக்கு இந்த ஹோஸ்தான். ஒரு கையில் பைப், ஒரு கையில் நீளக்கைப்பிடி பிரஷ். ஜன்னல், படி, நடைபாதை, கடைசியில் தபால்பெட்டி. பத்து மணிக்குள் முடித்துவிட்டு, ஈரக் கையோடு வந்து உட்கார்ந்து பட்டாணி சூப் குடிப்பாள். பாசி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவள் உயிரோடிருந்தவரை ஹார்முக்குத் தெரியாது. நாற்காலித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் உழைத்தவர், வீட்டுச் சுவர் தானாகவே சுத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது.

"வாங்க, ஆர்வின் ஹார்ட்வேர் கடைக்குப் போய், தண்ணியைப் பீய்ச்சிக் கழுவுற மெஷின் எடுத்துட்டு வரலாம்" என்றாள் லினெல். "பிரஷால தேய்ச்சா அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் தேய்க்கணும்."

ஆர்வினுக்கும் ஹார்முக்கும் நாற்பது வருடமாக சர்ச்சில் ஒரே பெஞ்சு. பிரசங்கம் நீளும்போது பெப்பர்மின்ட் மிட்டாயை இரண்டாக உடைத்துப் பங்கு போட்டுக்கொள்கிற உறவு. அப்பாவும் மகளும் உள்ளே நுழைந்ததும் ஆர்வின் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"பிரஷர் வாஷர்தானே? உன் சுவரைப் பாத்துட்டுத்தான் வரேன். இந்த வாரம் வருவேன்னு என் பொண்டாட்டி சொன்னா. வாங்கப் போறியா, வாடகையா?"

"வாங்க" என்றார் ஹார்ம்.

"வாடகைக்கு" என்றாள் லினெல், அதே நேரத்தில்.

ஆர்வின் கூரையைப் பார்த்தார். கடைக்காரருக்கு இந்த மாதிரி சமயத்தில் கூரையில் பார்க்க நிறைய விஷயம் இருக்கும்.

ஹார்ம் ஒரு சின்ன மெஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். மின்சாரத்தில் ஓடுவது, மஞ்சளும் கறுப்புமாக, இரண்டு சக்கரம் வைத்தது. கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தார். கடைக்கு வந்த குழந்தை மூன்று சக்கர சைக்கிளை விடாமல் பிடித்துக்கொள்ளுமே, அப்படி.

"உன் பலகைச் சுவருக்கு அது போதும்" என்றார் ஆர்வின். "கரன்ட்ல ஓடும். சத்தமில்ல, தூக்கறதுக்கும் லேசு. அழுத்தமும் மரத்துக்கு ஏத்த மாதிரி மிதம். அஞ்சு வருஷம் உத்தரவாதம்."

"அஞ்சு வருஷம்" என்று ஹார்ம் திருப்பிச் சொன்னார்.

"அப்பா. நீங்க போகப்போற ஃப்ளாட்டுக்கு வெளிச்சுவரே கிடையாது. மூணாவது மாடி. அங்க இதை வெச்சுக்கிட்டு என்ன கழுவப் போறீங்க?"

"பிரென்ட் வீட்டுக்கு ஆகும்."

"பிரென்ட்கிட்ட ரெண்டு இருக்கு."

"வாடகைக்கு விடுற கரன்ட் மெஷின் நாலும் காலைல ஏழு மணிக்கே போயிடுச்சு" என்றார் ஆர்வின். "வசந்தகாலத்துச் சனிக்கிழமை, ஊரே கழுவுது. இருக்கிறது பெட்ரோல்ல ஓடுற பெரிசு ஒண்ணுதான். அது சிமென்ட் தரைக்கு ஆனது. மரத்துமேல பாத்து அடிக்கணும்."

"பாத்து அடிப்பார்" என்றாள் லினெல். "அதையே குடுங்க. ஒரு நாளைக்கு."

பெட்ரோல் மெஷின் கன்றுக்குட்டி உயரம் இருந்தது. ஆர்வின் துப்பாக்கி மாதிரியான அதன் கைக்குழலையும், நுனியில் மாட்டுகிற கலர் கலரான நாசில்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஹார்ம், நல்லா கேட்டுக்கோ. சிவப்பு ஊசி மாதிரி அடிக்கும், அதைத் தொடாதே. அதை நானே எடுத்து வெச்சுக்கறேன். உனக்கு வெள்ளை. தண்ணி விசிறியா விரியும். சுவருக்கும் இதுக்கும் ரெண்டடி இருக்கணும். கிட்ட கொண்டுபோனா பெயின்ட் பேந்துடும். புரிஞ்சுதா?"

"நாப்பது வருஷம் பெஞ்சுல உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். ஒரு தடவை சொன்னா புரியும்."

"பெஞ்சுல நீ தூங்குவே."

ஹோஸ் பைப் மட்டும் வாங்கித்தான் ஆகவேண்டும். பெரிய மெஷினுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், ஒல்லிப் பைப் போட்டால் பம்ப் காய்ந்து கெட்டுவிடும். ஆர்வின் இரண்டு சுருளை எடுத்துப் போட்டார். ஒன்று பச்சை பிளாஸ்டிக். மலிவு, ஆனால் மடங்கினால் மடங்கின இடத்தில் நின்றுவிடும். இன்னொன்று தடித்த கறுப்பு ரப்பர், எழுபத்தைந்து அடி, இரண்டு முனையிலும் பித்தளை. பனியில் கிடந்தாலும் வெடிக்காது.

ஹார்ம் ரப்பரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பத்து வருஷம் உழைக்கும்" என்றார் ஆர்வின்.

"ரெண்டு நாள் உழைச்சா போதும்" என்றாள் லினெல். "அப்பா, பச்சையை எடுங்க."

"வீடு வாங்குறவங்களுக்கு உதவட்டும்" என்றார் ஹார்ம். சொல்லும்போது மகள் முகத்தைப் பார்க்கவில்லை. லினெல் அவரையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்தாள்.

"மெஷினைத் திங்கக்கிழமை காலைல கொண்டா" என்றார் ஆர்வின். "ஒரு நாள் வாடகைதான்."

சனிக்கிழமை எடுத்துத் திங்கட்கிழமை கொடுத்தால் ஒரு நாள்தான். ஓவர்டைக்கில் எல்லாக் கடையிலும் இதே வழக்கம். நடுவில் ஞாயிறு சும்மா கிடக்கும் என்பது கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். டெட்ராய்ட்டிலிருந்து புதிதாக வந்த ஒருவர் விவரம் தெரியாமல் ஞாயிறு மத்தியானம் மெஷினை ஓட்டிவிட்டார். பதினோரு வருடம் ஆகிறது. அவருக்கு இன்றைக்கும் ஊரில் 'ஞாயித்துக்கிழமைக்காரர்' என்றுதான் பேர்.

பத்தரை மணிக்கு வேலை ஆரம்பமானது. கயிற்றை நாலு தரம் இழுத்தபின் மெஷின் உறுமியது. ஹார்ம் ரப்பர் பூட்ஸும் ஹென்னியின் தோட்டத்துத் தொப்பியும் போட்டுக்கொண்டு, வெள்ளை நாசிலை மாட்டி, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, கைக்குழலை இடமும் வலமுமாக நிதானமாக ஆட்டினார். பாசி பச்சைத் தண்ணீராக இறங்கி ஓடியது.

லினெல் அரை மணி நேரம் நின்று பார்த்தாள். பரவாயில்லை, நன்றாகத்தான் செய்கிறார் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"நான் போய் மத்தியானத்துக்கு ஹாம் பன் வாங்கிட்டு, ஃப்ளாட்டுக்கு ஜன்னல் திரை அளவு எடுத்துட்டு வந்துடறேன். ரெண்டு மணி நேரம் ஆகும். ஏணியில ஏறாதீங்க. கிட்டப் போகாதீங்க."

"சரி நர்ஸம்மா."

அவள் கார் தெருமுனை திரும்பும்வரை ஹார்ம் இரண்டடி தூரத்தைக் காப்பாற்றினார்.

முன்னறை ஜன்னலுக்குக் கீழே ஒரு இடத்தில் பாசி விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தொண்ணூற்றொன்பது பங்கு சுத்தமானால் மிச்சம் ஒரு பங்குதான் கண்ணில் படும். ஹார்ம் ஒரு எட்டு முன்னால் வைத்தார். போகவில்லை. இன்னொரு எட்டு. கடைசியில் கைக்குழலின் நுனிக்கும் பலகைக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

பாசி போனது. கூடவே வெள்ளையும் போனது.

பால் ஆடை விலகுகிற மாதிரி பெயின்ட் ஒரு முழத்துக்கு உரிந்து தொங்கி, மடிந்து, தரையில் விழுந்தது. ஹார்ம் கையை எடுத்தார். மெஷின் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

உள்ளே மஞ்சள்.

அழுக்கு மஞ்சள் இல்லை, மங்கின மஞ்சளும் இல்லை. நேற்று டப்பாவைத் திறந்து பூசின வெண்ணெய் மஞ்சள். எண்பத்திரண்டாம் வருடம் ஹென்னி பெயின்ட் கடையில் ஒரு மணி நேரம் நின்று பொறுக்கியெடுத்தது. அப்போது லினெலுக்கு இரண்டு வயது. "குளிர்காலம் ஆறு மாசம் வெளியெல்லாம் வெள்ளையாத்தான் இருக்கப்போகுது. சுவரும் எதுக்கு வெள்ளை?" என்று ஹென்னி கேட்டது ஹார்முக்குக் காதில் விழுந்தமாதிரி இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்ட மாதிரி அவர் திரும்பிக்கூடப் பார்த்தார்.

நாலு வருடம் வீடு மஞ்சளாக இருந்தது. தெருவில் அது ஒன்றுதான் மஞ்சள். அப்புறம் ஒரு இலையுதிர்காலத்தில் மூப்பர் ரோலோஃப் வழக்கப்படி வீடு சந்திக்க வந்தார். வருடம் ஒருமுறை மூப்பர் வந்து, காபி குடித்து, ஜெபம் பண்ணி, குடும்பம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துப் போவது சர்ச் வழக்கம். அன்று கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார்.

"சர்ச் படியில நின்னு பாத்தா, ஹார்ம், முதல்ல உன் வீடுதான் கண்ணுல படுது."

அவ்வளவுதான். திட்டவில்லை, மாற்று என்று சொல்லவும் இல்லை. ஹார்முக்குக் காது மடல்வரை சூடாகிவிட்டது. முப்பத்தைந்து வயது, இன்னும் சர்ச் குழுவில் ஒரு பொறுப்பும் கிடைக்காத ஆள். அடுத்த சனிக்கிழமை விடியும் முன் வெள்ளைப் பெயின்ட்டைத் திறந்துவிட்டார். பளபளப்பான எண்ணெய்ப் பெயின்ட் மேலே பூசுவதானால் முதலில் உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தொழிலே அதுதான். நாற்காலிக்குச் செய்வார், தன் வீட்டுக்குச் செய்யவில்லை. ஞாயிறு காலைக்குள் வெள்ளையாகிவிட வேண்டும், அது ஒன்றே குறி. அப்புறம் அதன் மேலேயே மூன்று தரம் வெள்ளை பூசியாயிற்று. அடியில் பிடிமானம் இல்லாமல் இத்தனை வருடம் அது நின்றதே பெரிசு.

அன்று முழுக்க ஹென்னி பக்கத்தில் நின்று பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. காலையிலும் பேசவில்லை, சாப்பாட்டு நேரத்திலும் பேசவில்லை. கடைசிப் பலகை முடிந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டு விடுவிடு என்று உள்ளே போய்விட்டாள்.

அந்த மௌனத்தை ஹார்ம் முப்பத்தெட்டு வருடமாகச் சுமந்துகொண்டிருந்தார். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, 'அந்த மஞ்சளுக்காக என்மேல கோபமா?' என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் நர்ஸ் வந்து தலையணையை மாற்றினாள். அப்புறம் அந்தக் கேள்விக்கு நேரமே வரவில்லை.

ஹார்ம் மெஷினைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பிறகு கைக்குழலைத் தூக்கி, அதே ஒரு சாண் தூரத்தில் பிடித்து, அடுத்த பலகைக்குப் போனார். இந்தத் தடவை பாசிக்காக இல்லை.

லினெல் திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. காரை வாசலில் நிறுத்தியவள் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்சுவரில் பாதிக்குமேல் மஞ்சளாகிவிட்டது. புல்தரை முழுக்க வெள்ளைப் பெயின்ட் சுருள் சுருளாகக் கிடந்தது. நடுவில் அப்பா, தலையிலிருந்து கால்வரை நனைந்து, அம்மாவின் தொப்பியோடு.

அவள் இறங்கி வந்து மெஷினை நிறுத்தினாள். திடீரென்று வந்த அமைதியில் ஹார்முக்குக் காது ரீங்கரித்தது.

"கை தவறிடுச்சா?" என்றாள்.

"முதல் பலகை கை தவறிடுச்சு."

"மத்தது?"

"மத்தது தவறல."

"அப்பா, திங்கக்கிழமை படம் எடுக்க வர்றாங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, பெயின்ட் அடிக்க முடியாது. நாளைக்குக் காலைல சர்ச்சுக்குப் போற அத்தனை பேரும் இந்த வாசல் வழியாத்தான் போகப்போறாங்க. இப்படிப் பாதியில நிக்குற வீட்டைப் பாத்தா உங்களுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னுதான் பேசிப்பாங்க. அதுக்குத்தான் இதைப் பண்ணீங்களா? விற்க இஷ்டமில்லன்னா வாயைத் தொறந்து சொல்லவேண்டியதுதானே."

"எனக்கே தெரியலம்மா" என்றார் ஹார்ம். உண்மையாகத்தான் சொன்னார்.

லினெல் அதற்குமேல் சண்டை போடவில்லை. உள்ளே போனாள். அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. கட்டிலில் விரிக்கிற பழைய வெள்ளைத் துணிகளை ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். கராஜிலிருந்து ஏணியை இழுத்துப்போட்டு, கூரையோரம் மழைநீர் ஓடும் தகரத்தில் முதல் துணியைச் செருகிக் கட்ட ஆரம்பித்தாள். காற்றில் துணி படபடத்து மஞ்சளை மறைத்தது. இரண்டாவது துணியையும் கட்டினாள்.

ஹார்ம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்கம்மா ஆசைப்பட்டுப் பூசினது" என்றார். "மூப்பர் ரோலோஃப் ஒரு வார்த்தை சொன்னார்னு நான் அதை ஒரே நாள்ல அழிச்சேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அன்னிக்கு முழுக்க அவ என்கிட்ட வாயே திறக்கல, லின். அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல. முப்பத்தெட்டு வருஷம். அந்தக் கோபத்தோடதான் போனாளோ என்னவோ."

ஏணிமேல் லினெலின் கை நின்றது.

"மூப்பர் சொல்லித்தான் பூசினீங்கன்னா நினைச்சுக்கிட்டிருக்கீங்க?"

"பின்ன?"

அவள் இறங்கி வந்தாள். மூன்றாவது துணி கையிலேயே இருந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் ஈரப்படியில் உட்கார்ந்தாள்.

"நான் அப்ப ஒண்ணாவது. ஹாம் பன்னுல தடவுற மஞ்சள் கடுகுச் சாந்து இருக்கே, அதை வெச்சு ஸ்கூல்ல என்னை 'கடுகு டப்பா'ன்னு கூப்பிடுவாங்க. சீஸ் வீட்டுப் பொண்ணு. கடுகு டப்பா. பஸ்ஸுல ஏறினாலே பாட்டா பாடுவாங்க. ஒரு நாள் வந்து அம்மா மடியில விழுந்து அழுதேன். எனக்கு வெள்ளை வீடு வேணும்னேன்."

"என்கிட்ட யாருமே சொல்லலியே."

"அம்மா சொல்லவேணாம்னுட்டா. எனக்குக் கல்யாணம் ஆறதுக்கு முந்தின வாரம்தான் முழுக்கதையும் சொன்னா. 'புள்ள அழுதான்னா உங்கப்பா பெயின்ட் வாங்கமாட்டார். அழுகை தானா நிக்கும்பார். மூப்பர் சொன்னா அன்னிக்கே வாங்குவார்'னு. அவதான் ரோலோஃப் மாமா வீட்டுக்குப் போய், என்ன சொல்லணும், எங்க நின்னு சொல்லணும்னு சொல்லிக்குடுத்துட்டு வந்திருக்கா. சர்ச் படி, கண்ணுல படுது, எல்லாம் அவ எழுதிக்குடுத்த வசனம்."

அழுகை தானாக நின்றுவிடும். ஆமாம், ஹார்ம் சத்தியமாக அப்படித்தான் சொல்லியிருப்பார். அதே குரலில், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். ஒரு பிள்ளையின் அழுகையைவிட மூப்பரின் ஒரு வார்த்தை தனக்குப் பெரிசாக இருந்திருக்கிறது, அது ஹென்னிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

"அப்ப அன்னிக்கு ஏன் பேசாம இருந்தா?"

"சிரிப்பு வந்துடும்னு." லினெலுக்கு இப்போதே சிரிப்பு முட்டியது, கண்ணிலும் தண்ணீர். "நீங்க மூப்பருக்குப் பயந்து மூஞ்சியெல்லாம் பெயின்ட்டா, விடியக்காலையிலேருந்து ஓடி ஓடி அடிச்சிருக்கீங்க. வாயைத் தொறந்தா விழுந்து விழுந்து சிரிச்சுடுவோம்னு உதட்டைக் கடிச்சுக்கிட்டே நின்னாளாம். கடைசில தாங்காம உள்ள ஓடிப்போய்த் தலையணையில மூஞ்சைப் புதைச்சுக்கிட்டுச் சிரிச்சாளாம்."

ஹார்ம் ஹென்னியின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முதலில் தோள் குலுங்கியது. அது சிரிப்பா அழுகையா என்று லினெலுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருடமாகக் கோபம் என்று நினைத்து அவர் பயந்துகொண்டிருந்தது ஒரு சிரிப்பு. அதை அவளோடு சேர்ந்து சிரித்திருக்கலாம். எத்தனை சாயங்காலம் வீணாகப் போய்விட்டது என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கின மாதிரிதான் இருந்தது.

"அவளுக்கு வருத்தமே இல்லையா?" என்று கேட்டார்.

"மஞ்சள் போனதுல இருந்துச்சு. அதை மறைக்கல. உங்க மேல இல்லப்பா."

தெருவில் ஒரு கார் மெதுவாகப் போனது. ஆர்வினின் மனைவி. ஓட்டிக்கொண்டே கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனாள். இனி ஊர் முழுக்கத் தெரிய அரை மணி நேரம்கூட ஆகாது.

லினெல் எழுந்து ஏணிப் பக்கம் போனாள். மூன்றாவது துணியைக் கட்டப்போகிறாள் என்று ஹார்ம் நினைத்தார். அவள் கட்டியிருந்த இரண்டையும் அவிழ்த்துக் கீழே இழுத்துப்போட்டாள்.

"ஆறு வயசுல நான் அழுது அம்மாவோட மஞ்சளை மூட வெச்சேன்" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டே. "நாப்பத்தி நாலு வயசுலயும் நானே துணி போட்டு மூடறேன். நல்லா இருக்கு என் லட்சணம். பாக்கட்டும்பா. ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் பாத்துட்டுப் போகட்டும்."

இருவரும் ஹாம் பன்னை நின்றுகொண்டே தின்றார்கள். பிறகு லினெல் மெஷின் கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்தாள். மேல்பலகைகளை அவள் அடித்தாள், கீழ்ப்பலகைகளை அவர் அடித்தார். உரிந்து விழுந்ததையெல்லாம் பொறுக்கி மூட்டை கட்டினார்கள். நாலரை மணிக்கு முன்சுவர் முழுக்க ஈரமும் மஞ்சளுமாக நின்றது. பக்கச் சுவர் இரண்டும் பின்சுவரும் பழைய வெள்ளையில் அப்படியே இருந்தன.

அப்போதுதான் போன் அடித்தது. தரகர் டக். லினெல் போனை எடுத்து, அப்பாவிடம் நீட்டினாள்.

"ஹார்ம், உங்க வீட்டைப் பத்தி ஏதோ சொல்றாங்களே. சுவர் என்னமோ ஆயிடுச்சாமே?"

"ஒண்ணும் ஆகல. கழுவினோம்."

"அது சரி. திங்கக்கிழமை படத்துக்கு..."

"திங்கக்கிழமை படம் வேண்டாம், டக்."

"ஹார்ம், உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன். பிரென்ட் ஏற்கெனவே வீட்டை வாங்க ஒரு குடும்பத்தைப் பேசி வெச்சிருக்கார். திங்கக்கிழமை அவங்களை நேரா வீட்டுக்கே கூட்டிட்டு வரேன்னு என்கிட்ட சொல்லியிருக்கார். அவங்க முடிவு பண்ணிட்ட மாதிரிதான்."

ஹார்ம் லினெலைப் பார்த்தார். குரல் அவளுக்கும் கேட்டிருந்தது. இல்லை என்று மெல்லத் தலையாட்டினாள். அவளுக்கும் இது புதுச்செய்தி. பிரென்ட் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை.

ஹார்ம் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். போனோடு வீட்டைச் சுற்றி நடந்து, வெள்ளையாக நின்ற மூன்று பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவந்தார்.

"கூட்டிட்டு வரட்டும்" என்றார். "இன்னும் மூணு சுவர் பாக்கி இருக்கு. ஏணி பிடிக்க ஆள் வேணும்."